அரசியல் நிருபராக விரும்பும் மகள்: ஒரு தந்தைக்கு மறுமொழி

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ முடிக்கவிருக்கும் தங்கள் மகள் நாளிதழில் அரசியல் நிருபராக வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதையும், அந்த வேலை சோறு போடுமா, பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பானதா என்று தாங்கள் தவிப்பதையும் கடிதத்தில் படித்தேன்.

சம்பளத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மென்பொருள் நிறுவனத்தில் சேரும் தோழியைவிடத் தொடக்கத்தில் அவள் குறைவாகவே வாங்குவாள். பத்திரிகை ஊழியர்களின் சம்பளத்தை வரையறுத்த மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை மத்திய அரசு 2011-இல் அறிவிக்கை செய்து, உச்ச நீதிமன்றம் 2014-இல் அவை செல்லும் என்று தீர்ப்பளித்த பிறகும், அந்த ஊதியம் கேட்டு வழக்காட வேண்டியிருந்தவர்கள் உண்டு. ஆகவே நியமனக் கடிதத்தை வரிக்கு வரி படித்த பின்பே கையெழுத்திடச் சொல்லுங்கள்.

ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். 1987-இல் அட்டைப்படக் கேலிச்சித்திரத்திற்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. சில நாட்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். 2003-இல் தி இந்து நாளிதழைச் சேர்ந்த ஐவருக்கு 15 நாள் சிறை விதிக்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் நிருபரும் இருந்தார். கைதுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஆனால் இவை அரிதானவை. அன்றாடத் தொல்லை வேறு: கட்சி அலுவலக வாசலில் மணிக்கணக்காகக் காத்திருப்பதும், இரவில் பக்கம் முடியும் வரை செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும், தீபாவளியன்றும் அழைத்தால் கிளம்புவதும்தான் அந்த வாழ்க்கை. இரவில் வீடு திரும்ப அலுவலக வாகனம் உண்டா என்பதை நேர்முகத் தேர்விலேயே கேட்கலாம். அதில் கூச்சம் வேண்டாம்.

செய்தியாளர் சந்திப்பில் உரத்துக் கேள்வி கேட்பவரைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் அங்கிருக்கும் எல்லாருக்கும் கிடைத்துவிடும். ஒரு நிருபரைத் தனித்துக் காட்டுவது, சட்டமன்றத்தில் துறைவாரியாக நிதி ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது துறைகள் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பையும், கூட்டத்தொடரின் முடிவில் அவசரமாக வைக்கப்படும் தணிக்கை அறிக்கையையும் பொறுமையாகப் படித்து, சென்ற ஆண்டு சொன்னதற்கும் இந்த ஆண்டு செய்ததற்கும் உள்ள இடைவெளியைப் பிடிப்பதுதான். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டுவிட்டு 30 நாள் காத்திருக்கும் மனமும் வேண்டும்.

அதனால் இளங்கலையிலேயே இதழியல் வேண்டாம் என்பது என் கருத்து. பொருளாதாரமோ வரலாறோ சட்டமோ படிக்கட்டும். நுணுக்கங்களைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலையாகவோ, கட்டணம் தாங்குமானால் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்திலோ பிறகு கற்கலாம். முதல் வேலை மாவட்டத்தில் கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள். கோட்டையில் போடும் அரசாணை ஊராட்சியில் என்ன ஆகிறது என்பது அங்கேதான் தெரியும்.

தேர்வு விடுமுறையில் பள்ளிக் கல்வித் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை இணையத்தில் எடுத்து முழுவதும் படித்து, அதிலிருந்து ஒரு பக்கச் செய்தி எழுதச் சொல்லுங்கள். அவளே விரும்பி எழுதி முடித்தால், அந்தத் தாளுடன் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.