ஏ.சி.எல். அறுவைக்குப் பின் ஆறாவது மாதத்தில் கபடி ஆடலாமா?

கேள்வி: பாலக்கோட்டைச் சேர்ந்த எனக்கு வயது 23. கபடியில் முட்டி ஜவ்வு (ஏ.சி.எல்.) அறுந்து, அறுவை சிகிச்சை செய்து நான்கு மாதங்கள் ஆகின்றன. வலி இல்லை. ஆனால் மாலையில் முட்டி வீங்குகிறது, முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் மரத்திருக்கிறது, காலை முழுமையாக நீட்ட முடியவில்லை. இரண்டு மாதத்தில் வரும் பொங்கல் போட்டியில் ஆடலாமா?

பதில்: இந்தப் பொங்கலுக்கு வேண்டாம். உங்கள் உடலிலிருந்தே எடுத்துப் பொருத்திய தசைநார் முதல் சில மாதங்களில் வலுவிழந்து, அதன் பிறகு ரத்த ஓட்டம் பெற்று, மெல்ல மெல்லவே ஜவ்வாக மாறுகிறது. வலி நின்றுவிட்டதை வைத்து அதன் உறுதியைக் கணிக்க முடியாது. பாடிப் போகிறவர் ஊன்றிய காலில் சட்டெனத் திரும்பும்போதும், எதிரணியினர் கணுக்காலைப் பிடித்து இழுக்கும்போதும் முழு விசையும் அந்த ஜவ்வின் மேல்தான் இறங்குகிறது. 2016இல் வெளியான டெலவேர்–ஆஸ்லோ ஆய்வில், ஒன்பதாவது மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டியில் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதம் கடந்தாலும், அறுவை செய்த காலின் தொடை வலு மற்றக் காலின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும்.

மரத்துப்போனது குறித்து அஞ்ச வேண்டாம். தழும்பை ஒட்டிச் செல்லும் சிறிய தோல் நரம்பு அறுபடுவதால் வருவது அது. பரப்பு சுருங்கலாம், சிலருக்கு ஒரு பகுதி நிலைத்தும் விடலாம், ஆனால் காலின் வலுவை அது பாதிக்காது. மாலை வீக்கம் பெரும்பாலும் அன்றைய வேலை முட்டிக்கு அதிகமானதைத்தான் காட்டுகிறது.

எனக்குக் கவலை தருவது, கால் நீளாததுதான். தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு குதிகால்களுக்கும் அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டிகளைத் தளர விடுங்கள். நல்ல காலைவிட அறுவை செய்த முட்டி உயர்ந்து நின்றால், உள்ளே வடுத்திசு தடுத்துக்கொண்டிருக்கலாம். அதை நாள்படவிட்டால் நடை மாறும், தொடைத் தசை மெலியும். இந்த வாரமே அறுவை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள். சேலம், பெங்களூரு என்று தொலைவில் செய்திருந்தால், தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவை அணுகலாம்.

காய்ச்சலுடன் முட்டி சிவந்து சுட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திடீரென மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.