தங்கையின் கிளெரிக்

வணக்கம் சார். காரைக்குடியில் இன்ஜினியரிங் படிக்கிறேன். லீவு விட்டால் கானாடுகாத்தானில் எங்கள் ஐயா வீட்டில் கூடி டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆடுவோம், ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து டைஸ் உருட்டும் ஆட்டம், 2014 விதிப் புத்தகத்தை வைத்து. அத்தை மகன்தான் டிஎம், கதையை நடத்துபவன். நான் ஃபைட்டர் (சண்டைக்காரன்), சித்தப்பா மகன் ரோக் (திருடன்), அவன் தம்பி பார்ட் (பாணன்), என் தங்கை கிளெரிக் (காயம் ஆற்றும் பூசாரி). எல்லோரும் நாலாவது லெவல். போன ஆட்டத்தில் ஓகர் என்ற ராட்சதப் பூதங்கள் இரண்டு வந்தன. நான் முன்னால் ஓடிப்போய் அடித்தேன். தங்கை வந்து சேர்வதற்குள் விழுந்துவிட்டேன். அவளுக்கு நேரத்துக்கு ஹீல் பண்ணவே தெரியவில்லை. அடுத்த லெவலில் நானே ஒரு கிளெரிக் லெவல் எடுத்துக்கொண்டால் என்ன? அதற்கு வேண்டிய விஸ்டம் 13 இருக்கிறது. இல்லை, மந்திரவாதியான விசார்ட் நல்லதா? இன்டெலிஜென்ஸும் 13. டைஸ் எங்கே நல்லதாகக் கிடைக்கும்? அப்பத்தா இதைச் சூதாட்டம் என்கிறார்கள், என்ன சொல்வது?

சொ., காரைக்குடி

அன்புள்ள தம்பி,

டைஸை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். அப்பத்தாவுக்குப் பதில் எதுவும் சொல்ல வேண்டாம். அவர்களும் தாயம் உருட்டிய கைதான், பக்கத்தில் உட்காரவைத்து இருபது பக்க டைஸை ஒரு தடவை உருட்டச் சொல்லுங்கள். விசார்டை மறந்துவிடுங்கள், 13 இன்டெலிஜென்ஸில் மந்திரம் போட்டால் எதிரி பாதி நேரம் தப்பித்துவிடுவான்.

கிளெரிக் விஷயத்துக்கு வருகிறேன். 13 இருக்கிறது, விதி அனுமதிக்கிறது, சரி. கிடைப்பது என்ன? முதல் நிலை ஸ்லாட் இரண்டு, அதாவது இரண்டு தடவை மந்திரம் போடும் வாய்ப்பு. காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸ் போட்டால் எட்டுப் பக்க டைஸ் ஒன்றில் விழும் அளவுக்கு ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, திரும்பும், உங்கள் விஸ்டமுக்காக மேலே ஒரு புள்ளி. உங்களிடம் ஏற்கெனவே தானே தேறிக்கொள்ளும் செகண்ட் விண்ட் இருக்கிறதே! அதில் பத்துப் பக்க டைஸ், மேலே ஃபைட்டர் லெவலுக்கு நாலு புள்ளி. போனஸ் ஆக்‌ஷன்தான், அதாவது அடிக்கும் வாய்ப்பைக் கெடுக்காது, ஷார்ட் ரெஸ்ட் என்ற சிறு ஓய்வு எடுத்தால் திரும்ப வந்துவிடும். கையில் இருப்பதைவிடக் குறைந்த ஒன்றுக்கு ஐந்தாவது லெவலைக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். அந்த லெவலில்தான் ஃபைட்டருக்கு எக்ஸ்ட்ரா அட்டாக், ஒரு ஆக்‌ஷனுக்கு இரண்டு வெட்டு.

இதெல்லாம்கூடச் சில்லறைக் கணக்கு. நீங்கள் விழுந்த அந்த நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். ஹிட் பாயிண்ட் பூஜ்யம், நினைவில்லை. வாய் திறந்து மந்திரம் சொல்ல முடியாது, விரலை அசைக்க முடியாது. முறை வரும்போதெல்லாம் இருபது பக்க டைஸை உருட்டிப் பத்தோ அதற்கு மேலோ விழுமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று முறை தவறினால் ஆள் காலி. உங்கள் இரண்டு ஸ்லாட்டும் செலவாகாமல் உங்களோடு தரையில் கிடக்கும். அபூர்வமாக டைஸில் இருபது விழுந்தாலொழிய, விழுந்தவனை இன்னொருவர்தான் எழுப்ப வேண்டும் தம்பி. உங்கள் குழுவில் அந்த வேலைக்காகவே ஒருத்தி இருக்கிறாள், அவளைத்தான் வேலையிலிருந்து நீக்கப் பார்க்கிறீர்கள்.

‘வந்து சேர்வதற்குள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு தூரம் ஓடினீர்கள்? யாரைக் கேட்டு ஓடினீர்கள்? க்யூர் வூண்ட்ஸுக்குத் தொட வேண்டும். உங்கள் வேகமும் அவள் வேகமும் முப்பது அடி என்றால், நீங்கள் ஓடி முடித்த இடத்துக்கு அவள் எப்படி முந்தி வருவாள்? ஹீலிங் வேர்ட் என்று ஒன்று இருக்கிறது, அறுபது அடி தள்ளி நின்றே போனஸ் ஆக்‌ஷனில் போடலாம். குணமாவது கொஞ்சம்தான், ஆனால் விழுந்தவன் எழுந்துவிடுவான். ஆட்டத்துக்கு முன்னால் இதை அவளோடு உட்கார்ந்து யாராவது பேசினீர்களா? அவள்தான் கிளெரிக்கைக் கேட்டாளா, யாரும் எடுக்கவில்லை என்று அவள் தலையில் கட்டினீர்களா?

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது கிளாஸ் (பாத்திர வகை) மூன்றே மூன்று: சண்டைக்காரன், மந்திரக்காரன், கிளெரிக். திருடன் 1975இல் வந்து சேர்ந்தான். அந்தக் கிளெரிக்குக் கூரான ஆயுதம் கிடையாது, முதல் லெவலில் ஒரு மந்திரம்கூடக் கிடையாது. எல்ஃப் இனத்தவன் மட்டும் சண்டைக்காரனாகவும் மந்திரக்காரனாகவும் மாறி மாறி ஆடலாம், அதையும் ஒரு ஆட்டத்துக்கு நடுவில் செய்யக் கூடாது. லெவலுக்கு லெவல் விருப்பப்படி கிளாஸ் கலக்கும் சுதந்திரம் 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பழைய விதியின் கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொருவனுக்கும் ஏதோ ஒன்று இல்லாமல் வைத்தார்கள், அதனால்தான் நாலு பேர் சேர்ந்து உட்கார வேண்டியிருந்தது.

எங்கள் ஐயா மலாயாவுக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். அவருடைய பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கி என்றால் ஒரே நீளக் கூடம், கடைக்கு ஒரு பெட்டி. கடையில் ஏஜெண்ட், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். கணக்கு, அதாவது வேலைக் காலம், மூன்று வருஷம். ஐயாவுக்கு வாய்த்த ஏஜெண்ட் மகா கெட்டிக்காரர். வசூலுக்கும் அவரே போவார், பேரேடும் அவரே எழுதுவார், வட்டியை மனக்கணக்காகப் போட்டுவிட்டு ‘நீ போட்டால் பொழுது விடிந்துவிடும், தள்ளுடா’ என்பார். ஐயாவுக்குப் பெட்டி துடைப்பதும் காப்பி வாங்கி வருவதும்தான் வேலை. ஒரு நாள் ஏஜெண்ட் காய்ச்சலில் படுத்துவிட்டார், அடுத்தாள் வெளியூரில். கடன்காரர் பணத்தோடு வந்து நிற்கிறார், வரவு வைக்க ஐயாவுக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பெட்டிக்காரரைக் கெஞ்சி எழுதி வாங்கியிருக்கிறார். கணக்கு முடிந்து கப்பலேறும்போது, ‘பையனுக்கு வேலைத் திறமை போதாது’ என்று ஏஜெண்ட் முதலாளிக்கு எழுதிவிட்டார். தள்ளாத வயதிலும் அதைச் சொல்லும்போது ஐயாவுக்கு மூக்கு விடைக்கும். அப்புறம் போன கடையில் அடுத்தாளாக இருந்தவர், ஐயா வந்த மறுநாளே பேரேட்டை அவர் முன்னால் தள்ளி, ‘தப்பாகவே எழுது, ராத்திரி திருத்திக்கொள்வோம்’ என்றாராம். ஐயா கணக்கு எழுதப் படித்தது அவரிடம்தான்.

உங்கள் தங்கைக்கு அப்படி ஒரு ராத்திரி கொடுங்கள். அவள் தாமதமாக ஹீல் செய்தால் செய்யட்டும், நீங்கள் விழுந்து எழுந்தால்தான் அவளுக்குக் கை வரும். குறுக்கே புகுந்து ‘தள்ளு, நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்கிற புத்தி நம் வீடுகளில் நிறைய உண்டு, தங்கைகள் விஷயத்தில் இன்னும் கூடுதலாக. விளையாட்டிலுமா?

கிளாஸ் கலக்கும் மல்டிகிளாஸே ஆகாது என்று நான் சொன்னதாக ஊரெல்லாம் சொல்லிவிடாதீர்கள். புனித வீரன் பலாடினும் பிறவி மந்திரக்காரன் சார்சரரும் இரண்டுமே கரிஸ்மாவில், அதாவது ஆளுமைக் கவர்ச்சியில், ஓடும், சேர்த்தால் நன்றாக இருக்கும். குழுவில் கிளெரிக்கே இல்லையென்றால் உங்கள் யோசனையை நானே ஆதரித்திருப்பேன். ஆளை வைத்துக்கொண்டு அவள் வேலையை அபகரிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதனால் ஃபைட்டர் ஐந்து. தங்கையும் கிளெரிக் ஐந்துக்கு வருவாள், அவளுக்கு மூன்றாம் நிலை மந்திரங்கள் திறக்கும். ரிவிவிஃபை அதில் ஒன்று, செத்து ஒரு நிமிஷத்துக்குள் தொட்டால் ஆள் பிழைப்பான். 300 பொற்காசு பெறும் வைரம் வேண்டும், ஒரு தடவையிலேயே தீர்ந்துவிடும். செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு வைரத்துக்கு யோசிக்கலாமா? ரோக்கின் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டு, நாலு பேரும் பங்கு போட்டு வாங்குங்கள். வாங்கியதும் அவளிடம் கொடுத்துவிடுங்கள், ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று உங்கள் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.