என் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டார்கள். முகவரை நம்பி வழக்குப் போடலாமா?

கேள்வி: எதிர்காலத்திலிருந்து நம் காலத்தில் வந்து விழும் போர்வீரனைப் பற்றி, அறிவியல் புனைவு அதிரடித் தொடருக்காக ஓர் அத்தியாயம் எழுதி, தயாரிப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். பதில் வரவில்லை, அதே போன்ற அத்தியாயம் இப்போது ஒளிபரப்பாகியிருக்கிறது. 15,000 ரூபாய் கொடுத்தால் பதிப்புரிமை பதிவு செய்து தருவதாகச் சொல்லும் முகவர் ஒருவர், ‘டெர்மினேட்டர்’ படத்தை எதிர்த்து ஒரு தொலைக்காட்சி அத்தியாயத்தின் எழுத்தாளர் வென்றதுபோல நீங்களும் வெல்லலாம் என்கிறார். நம்பலாமா?

பதில்: அவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். எழுதியபோதே பதிப்புரிமை உங்களுடையதாகிவிட்டது, பதிவு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் இலக்கியப் படைப்புக்கான அரசுக் கட்டணம் 500 ரூபாயைச் செலுத்தி இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஆட்சேபத்துக்கான 30 நாட்கள் முடிந்த பிறகும் விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் கிடப்பதால்தான் இத்தகைய முகவர்கள் பிழைக்கிறார்கள்.

அவர் காட்டுவது, 1964-இல் ‘தி அவுட்டர் லிமிட்ஸ்’ தொடரில் ஒளிபரப்பான, ஹார்லன் எலிசன் எழுதிய ‘சோல்ஜர்’ அத்தியாயம். 1984-இல் ‘டெர்மினேட்டர்’ வந்தபின் அவர் உரிமை கோரினார். நிறுவனம் பணம் கொடுத்து, படத்தில் அவருடைய பெயரையும் சேர்த்துச் சமரசம் செய்துகொண்டது. நீதிமன்றம் எதையும் தீர்மானிக்கவில்லை. ஆகவே அதைத் தீர்ப்பு என்று சொல்லி உங்களிடம் விற்பது ஏமாற்று வேலை.

இங்கே செல்லுபடியாவது ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் சொன்னதுதான்: கருவுக்கு உரிமை கிடையாது, இரண்டையும் பார்த்தவருக்கு, பின்னது முன்னதன் நகல் என்று ஐயமின்றித் தோன்ற வேண்டும். எதிர்காலப் போர்வீரன் யாருக்கும் சொந்தமில்லை. அவன் எந்த வரிசையில் யாரைச் சந்திக்கிறான், எந்தத் திருப்பத்தில் என்ன பேசுகிறான் என்பவை ஒத்திருக்கின்றனவா என்று காட்சி காட்சியாக ஒப்பிட்டு எழுதுங்கள்.

ஒரு விலக்கை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். அந்த நிறுவனத்தில் சம்பளத்துக்குப் பணியாற்றியபோது, அந்தப் பணியின் பகுதியாக எழுதியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை நிறுவனத்துக்கே. அனுப்பும்போது ஏதேனும் படிவத்தில் கையெழுத்திட்டீர்களா என்பதையும் பாருங்கள். எழுத்தில் உரிமையைக் கொடுத்திருந்தால், காலம் குறிக்கப்படாதபோது சட்டம் அதை 5 ஆண்டுகளாகக் கொள்கிறது. சம்பளமும் கையெழுத்தும் இல்லாதவருக்கு இந்தக் கவலை இல்லை.

அவசரத் தடையுத்தரவு கேட்காத வணிக வழக்கென்றால், எதிர்த்தரப்பு வரப்போவதில்லை என்று தெரிந்தாலும் முதலில் சமரச மையத்துக்கு அலைய வைக்கிறார்கள். வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு வரம்பு உண்டு என்பதால் காத்திருக்காமல், அசல் மின்னஞ்சலை அழிக்காமல் வைத்துக்கொண்டு, ஒப்பீட்டுடன் வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.