வீணையின் சுருதி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாற்பது வயதுக்குமேல் வீணை கற்கத் தொடங்கியவள் நான். கைபேசிச் செயலியை வைத்து நான்கு தந்திகளையும் சேர்த்துவிட்டு அமர்ந்தாலும், மேல் ஸ்தாயிக்குப் போனதும் ஸ்வரங்கள் பிசகுகின்றன. மறுநாள் காலையில் தந்திகளும் இறங்கிக் கிடக்கின்றன. என் காதுதான் சரியில்லையோ என்று சோர்வாக இருக்கிறது. தந்திகளை முறுக்கும் மரப் பிரடைகளை எடுத்துவிட்டுத் திருகு வைத்தவற்றைப் பொருத்திவிடலாமா?

வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

பிசகு உங்களுக்குக் கேட்கிறது என்பதே காது நன்றாக இருப்பதற்குச் சான்று. ஆனால் நீங்கள் ஒன்றாக எண்ணுபவை இரண்டு வேறு தொல்லைகள்.

தந்தி இரவில் இறங்குவதற்குப் பெரும்பாலும் பிரடையே காரணம். மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். சுருங்கிய பிரடை துளையில் பிடிப்பிழந்து, தந்தியின் இழுப்புக்கு மெல்ல இணங்கிவிடும். சாக்பீஸ் தூளைத் தடவி, திருப்பும்போதே உள்ளே அழுத்துங்கள். சற்றுத் தாழ்த்திவிட்டுக் கீழிருந்து ஏற்றி நிறுத்துங்கள். எஞ்சும் நுண்ணிய வேறுபாட்டைத் தந்திகளின் மறுமுனையைப் பிணைக்கும் நாகபாசத்தில் சரிசெய்யலாம்.

மேல் ஸ்தாயிப் பிசகுக்கும் பிரடைக்கும் தொடர்பில்லை. தந்தியை அழுத்தி ஸ்வரம் எழுப்பும் உலோகக் குறுக்குக் கம்பிகளான வீணையின் 24 மெட்டுகளும் கரி சேர்த்த தேன்மெழுகில் பதிந்து நிற்பவை; அவை நகர்ந்தால் ஸ்வரமும் பிசகும். ஒரு சித்திரை மாதத்தில் மேற்கு ஜன்னலருகே என் வீணையை வைத்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பியபோது, மெழுகு இளகி மெட்டுகள் சாய்ந்திருந்ததைக் கண்டு அன்று முழுவதும் எனக்கு மனம் ஆறவில்லை. மெட்டில் விரல் வைக்காமல் மீட்டிச் செயலியில் பார்த்தால் இந்தக் கேடு தெரியவே தெரியாது.

ஆகவே ஒவ்வொரு தந்தியையும் வெறுமனே மீட்டி, பிறகு பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டிப் பாருங்கள். அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்க வேண்டும். ஒரு தந்தியில் மட்டும் பிசகினால் அந்தத் தந்தி தேய்ந்தோ துருவேறியோ இருக்கிறது, மாற்றிவிடுங்கள். (யாழ் நரம்புக்குக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று நான்கு குற்றங்களை வகுத்த நம் முன்னோர், சுருதி கெடும்போது வாசிப்பவரைக் குறைசொல்லும் முன் நரம்பைச் சோதித்தார்கள் என்றே நான் எண்ணுகிறேன்.) நான்கிலும் பிசகினால் மேளம், அதாவது மெழுகில் மெட்டுகளைப் பதித்த அமைப்பு, கலைந்திருக்கிறது, கைதேர்ந்த ஒருவரிடம் புதிதாக மேளம் கட்டச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

திருகுப் பிரடை வைப்பதில் தவறில்லை, வழுக்குவது நிற்கும். ஆனால் மேளம் கலைந்த வீணைக்கு அது எதுவும் செய்யாது. முதலில் பன்னிரண்டாம் மெட்டைக் கேட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.