ஃபோல்ட் உள்ள லைனுக்கு மின் கொடுத்தால் டிஸ்டன்ஸ் ரிலே ஏன் பேசாமல் நிற்கிறது? எஸ்.ஓ.ரி.எஃப். செற்றிங் எப்படி வைப்பது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: 132 கிலோவோல்ற் லைனில் டிஸ்டன்ஸ் ரிலே (வோல்ற்றேஜையும் கரண்டையும் வைத்து ஃபோல்ட் எவ்வளவு தூரம் என்று பார்க்கும் ரிலே) இருக்கிறது, அதன் கிட்டிய எல்லையான சோன் 1 தாமதமில்லாமல் ட்ரிப் கொடுக்கும், அதாவது பிரேக்கரைத் திறக்கும், பிறகு எதற்கு "சுவிச் ஒன் ரு ஃபோல்ட்" (எஸ்.ஓ.ரி.எஃப்., ஃபோல்ட் உள்ள லைனை மூடினால் உடனே ட்ரிப் கொடுக்கும் பாதுகாப்பு) என்று தனியாக ஒன்று, அதற்குக் கரண்ட் எவ்வளவு வைப்பது? கேட்டவர் கிளிநொச்சி அறிவியல்நகர் பொறியியல் பீட மாணவர் என்பதால் பக்கத்து வவுனியா – கிளிநொச்சி லைனையே வைத்துச் சொல்கிறேன்.

கரண்ட் எண்ணைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் சிக்கல் வருவது பெரும்பாலும் வேறு இடத்தில்: இந்தப் பாதுகாப்பு எப்போது விழிக்கிறது, எப்போது திரும்பத் தூங்கப் போகிறது, ரிலே வோல்ற்றேஜை எந்தப் பக்கத்து வீ.ரீ.யிலிருந்து (வோல்ற்றேஜை அளக்கும் மின்மாற்றி) எடுக்கிறது. இவை பிழையானால் கரண்ட் செற்றிங் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

காரணம் இது. பராமரிப்புக்கு நிறுத்திய லைனில், வேலைக்குப் போட்ட எர்த்தைக் கழற்றாமல் பிரேக்கரை மூடிவிட்டார்கள் என்று வையுங்கள். ரிலேக்குப் பக்கத்திலேயே மூன்று பேஸும் ஒன்றாக நிலத்துக்குப் போகின்றன, வோல்ற்றேஜ் மூன்றும் பூச்சியம். மோ வகை (திசையும் பார்க்கும் வகை) டிஸ்டன்ஸ் எலிமென்ற்றுக்குத் திசை சொல்ல ஒரு வோல்ற்றேஜ் வேண்டும். ஒரு பேஸ் ஃபோல்ட் என்றால் மற்றப் பேஸிலிருந்து கடன் வாங்கும், மூன்றும் போனால் நினைவில் வைத்திருக்கும் பழைய வோல்ற்றேஜைப் பார்க்கும். வீ.ரீ. லைன் பக்கத்தில் இருந்தால் அந்த நினைவும் வெறுமை, ஏனென்றால் மூடுவதற்கு முன்பு லைனே செத்துத்தான் கிடந்தது. ஆகவே சோன் 1 பேசாது, அதைவிடத் தூரம் பார்க்கும் சோன் 2ம் பேசாது, பின்பக்கம் கொஞ்சம் நீட்டி வைத்த சோன் 3 இருந்தால் அது தன் தாமதம் முடிந்த பிறகு ட்ரிப் கொடுக்கும், அதுவரை முழுக் கரண்டும் ஓடும். வீ.ரீ. பஸ்பார் (நிலையத்தின் பொது மின்கடத்தி) பக்கத்தில் இருந்தால் நினைவு உண்டு, பிரச்சினை அவ்வளவு இல்லை.

அதனால்தான் திசை பார்க்காத ஓவர்கரண்ட் ஒன்றை, பிரேக்கர் மூடும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் திறந்து விடுகிறோம்.

விழிக்கும் நிபந்தனைக்கு வருவோம். லைன் செத்துவிட்டது என்பதை ரிலே பிரேக்கரின் துணைக் கொன்ராக்டை வைத்து அறியலாம், அல்லது வோல்ற்றேஜும் கரண்டும் இல்லை என்பதை வைத்து அறியலாம். வோல்ற்றேஜை மட்டும் நம்பாதீர்கள். ஒரே கோபுரத்தில் இரண்டு சேர்க்கிற் போகும் லைனில் ஒன்றை நிறுத்தினாலும் மற்றதிலிருந்து தூண்டல் வோல்ற்றேஜ் வந்து உட்காரும், எர்த் போடாத நேரம் ரிலே லைன் உயிரோடு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். மறுபக்கம், மற்ற முனையிலிருந்து ஏற்கெனவே மின் வந்த லைனை இங்கே மூடும்போது இது விழிக்கவே கூடாது, ஏனென்றால் அப்போது நம் பின்பக்கத்து ஃபோல்டுக்கும் லைன் வழியே கரண்ட் வரும். ஆகவே துணைக் கொன்ராக்ட், வோல்ற்றேஜும் கரண்டும் இல்லாமை என்ற இரண்டு நிபந்தனையையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். விழிப்பதற்கு முன் லைன் செத்திருக்க வேண்டிய நேரம் ஓட்டோ ரீகுளோஸின் (ட்ரிப்புக்குப் பிறகு பிரேக்கர் தானாகத் திரும்ப மூடுவது) இடைவெளியை விட நீளமாக இருக்கட்டும், ரீகுளோஸுக்கான ட்ரிப்பை ரிலேயில் தனியாக வைக்கலாம். மூடிய பிறகு 200 முதல் 500 மில்லிசெக்கன் வரை விழித்திருந்தால் பொதுவாகப் போதும்.

சரி, கரண்ட். கீழ் எல்லை, லைன் ஏறும்போது வரக்கூடிய பெரிய லோட். சார்ஜிங் கரண்டைப் பற்றிக் கவலை வேண்டாம்: 132இல் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.2 அம்பியர், வவுனியா – கிளிநொச்சி 75 கிலோமீற்றர் என்று எடுத்தால் 15 அம்பியர்தான். மேல் எல்லை, ரிலே பக்கத்து மூன்று பேஸ் ஃபோல்டின் மிகக் குறைந்த கரண்டில் பாதி. அந்தக் குறைந்தது 2000 அம்பியர் என்றால் 1000 வைக்கலாம், 800/1 சீ.ரீ.யில் (கரண்டை அளக்கும் மின்மாற்றி) அது ரிலே பக்கம் 1.25 அம்பியர்.

ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து மின் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 2009க்குப் பிறகு எழுந்த வவுனியா – கிளிநொச்சி – சுன்னாகம் வழியை எப்போதும் தெற்கிலிருந்துதான் ஏற்றுவோம் என்று கணக்குப் போடுவது வழக்கம். ஒருநாள் நாடே இருண்டு, சுன்னாகத்தின் 24 மெகாவாற் உதுரு ஜனனி மின்நிலையத்தை மட்டும் வைத்து வடக்கிலிருந்து ஏற்ற வேண்டி வந்தால்? 132இல் அதன் முழு லோட் கரண்டே சுமார் 130 அம்பியர், ஃபோல்டுக்கு அதன் மூன்று நான்கு மடங்குதான் கொடுக்கும். 1000இல் வைத்த ரிலே அசையாது. அதற்குத்தான் குறைந்த வோல்ற்றேஜை நிபந்தனையாக வைத்து கரண்டை நன்றாகக் கீழே இறக்கும் வழி இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும், வீ.ரீ. பியூஸ் போனதைக் கண்டுபிடிக்கும் வசதியோடு.

தூர முனை ஃபோல்டுக்கு வோல்ற்றேஜ் மிச்சம் இருக்கும், டிஸ்டன்ஸ் எலிமென்ற் சரியாகவே பார்க்கும், அந்த நேரத்துக்கு மட்டும் சோன் 2ஐத் தாமதமின்றி விடுங்கள். மின்மாற்றியோடு சேர்த்து ஏற்றுகிறீர்களென்றால் இன்ரஷ் கரண்ட் (மின்மாற்றிக்கு மின் கொடுத்த கணத்தில் பாயும் பெரிய கரண்ட்) அதை ஏமாற்றலாம், அந்தக் கரண்டை அடையாளம் காணும் இரண்டாம் ஹார்மோனிக் தடை வையுங்கள், முடிந்தால் வெறும் லைனை முதலில் ஏற்றுங்கள். லைன் டிஃபரன்ஷியல் (இரு முனைக் கரண்டையும் ஃபைபர் வழியே ஒப்பிடும் பாதுகாப்பு) இருக்கிறதே என்று இதை அணைத்துவிடாதீர்கள், பராமரிப்பு நாளில்தான் ஃபைபரும் இல்லாமல் போகும்.

(2020 ஆகஸ்ட் 17 மின்தடை கெரவலப்பிட்டியில் பராமரிப்பின்போது நடந்த மனிதத் தவறால் வந்தது. அது உப நிலையத்துக்குள் நடந்தது, லைனின் எஸ்.ஓ.ரி.எஃப். காப்பாற்றும் வகையல்ல. இரண்டையும் குழப்பி எழுதுகிறார்கள்.)

சோதனையில் வோல்ற்றேஜ் பூச்சியம், பிரேக்கர் மூடும் சிக்னல், கரண்ட் மூன்றையும் ஒரே கணத்தில் கொடுத்து ட்ரிப் நேரத்தை அளந்து பாருங்கள். பிறகு விழித்திருக்கும் நேரம் கடந்தபின் அதே கரண்டைக் கொடுத்து ட்ரிப் வரவில்லை என்பதையும் பாருங்கள், இந்த இரண்டாவதைப் பலர் செய்வதில்லை. ட்ரிப்போடு ரீகுளோஸ் தடைப்பட வேண்டும். உங்கள் செற்றிங் தாளில் வீ.ரீ. எந்தப் பக்கம், லைன் செத்திருக்க வேண்டிய நேரமும் விழித்திருக்கும் நேரமும் எவ்வளவு என்று கீழே எழுதினால் மிச்சத்தைப் பார்க்கலாம்.