வயல் வேலையை விட்ட அப்பாவுக்கு வாக்கிங் மட்டும் போதுமா?

கேட்டிருப்பது இது: அப்பாவுக்கு 68 வயது, மன்னார்குடி பக்கத்துக் கிராமம், நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று, நாள் முழுக்க நாற்காலியும் டிவியும்தான். சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை உண்டு. தினமும் வாக்கிங் போனால் போதுமா?

போதாது. நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, விட வேண்டாம். ஆனால் தொடைச் சதையை அது காப்பாற்றாது. வயலில் இருந்தவரை அவர் உடம்பு என்னென்ன செய்தது என்று யோசியுங்கள். நாற்றங்காலில் குந்தி எழுந்தார், வரப்பில் அடிமேல் அடி வைத்து நடந்தார், சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தார், மூட்டை தூக்கினார். குத்தகைக்கு விட்ட அன்றைக்கே இத்தனையும் ஒன்றாக நின்றுவிட்டன. தார் ரோட்டில் அரை மணி நேரம் நடப்பது இவற்றில் எதற்கும் ஈடாகாது. நான் இயன்முறை சிகிச்சை செய்கிறவன். "வயசாச்சு, கால் விட்டுப்போச்சு" என்று நம் பக்கத்து வீடுகளில் சொல்வதில் பெரும்பகுதி வயதால் வந்ததல்ல, வேலை நின்றதால் வந்தது. அதைத் திரும்பப் பெறலாம்.

முதலில் அளந்துவிடுங்கள். கை இல்லாத மர நாற்காலி, உயரம் சுமார் 17 அங்குலம், முதுகுப்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸ் தரையில் வழுக்கும். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். அவர் வயது ஆண்களுக்கு 12க்குக் கீழே வந்தால் கால் பலம் குறைவு, விழும் அபாயம் கூடுதல். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

அந்தச் சோதனையேதான் பயிற்சியும். ஒருநாள் விட்டு ஒருநாள், எட்டு முறை எழுந்து உட்கார்ந்தால் ஒரு சுற்று. இரண்டு நிமிடம் இடைவெளி விட்டு மூன்று சுற்று. எழும்போது வேகம் இருக்கலாம், உட்காரும்போது நாலு எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்க வேண்டும். எல்லாரும் தவறுவது இங்கேதான்: பாதி இறங்கியதும் தொப்பென்று உட்கார்ந்துவிடுவார்கள். சதைக்கு வேலை அந்தக் கடைசிப் பாதியில்தான் இருக்கிறது, முதுகெலும்பு அடிபடுவதும் அங்கேதான். மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் ஏறும். வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு தானாக ஓடும். முழங்கால் வலித்தால் நிறுத்த வேண்டாம். ஜமுக்காளத்தை நாலாக மடித்து நாற்காலியில் போட்டு உயரம் கூட்டுங்கள், பழகியபின் ஒவ்வொரு மடிப்பாகக் குறையுங்கள்.

வரப்பு நடைக்குப் பதில் ஜன்னல் கம்பி. ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரலோடு ஒட்டி வைத்து, கம்பியை லேசாகப் பிடித்து நிற்கட்டும். பிடிக்காமல் 10 விநாடி நின்றால் நல்லது. பிறகு அப்படியே சுவரோரமாக நடை. வாரம் மூன்று நாள்.

சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் இதைச் செய்யக் கூடாது. கோயில் பிரகாரத்தில் நடப்பவராக இருந்தால் வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். பாதம் மரத்தவருக்குக் கல் சுடுவது தெரியாது, கொப்புளம் போட்டபின்தான் தெரியும். இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது வழக்கமாகட்டும்.

சாப்பாட்டில் குறை சோறு இல்லை, புரதம். 60 கிலோ எடை என்றால் நாளைக்கு 60 முதல் 72 கிராம் புரதம் வேண்டும். கால் கிலோ அரிசியில் சுமார் 17, பருப்பு 50 கிராமில் 11, ஒரு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் சேர்ந்து 13. கூட்டினால் நாற்பதைத் தாண்டுகிறது, அவ்வளவுதான். இரண்டு முட்டையோ ஒரு துண்டு மீனோ, அதோடு சாயங்காலம் ஒரு கை சுண்டலும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். இரவு வெறும் ரசம் சோறு சாப்பிடுவதை நல்ல பழக்கம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். சதை கரைவதற்கு அது ஒரு காரணம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

மாத்திரையைப் பற்றி இவன் ஏன் பேசுகிறான் என்று சிலர் கேட்பார்கள். எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, டாக்டரிடம் கேட்கச் சொல்கிறேன். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையக்கூடும். பாதம் மரப்பது, தள்ளாட்டம், மறதி மூன்றும் அதனால் வரலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பிரஷரைப் படுத்து ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை, எழுந்து நின்று ஒன்றாம் நிமிடமும் மூன்றாம் நிமிடமும் பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால் இரவில் பாத்ரூம் போகும்போது விழக்கூடும், டாக்டரிடம் அந்த எண்களைக் காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். சளி மாத்திரைகளில் சில முதியவர்களுக்கு மூளைக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையோடு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் தருகிறார்கள், ஊர்ச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

மனசு. நம் ஊர்ப் பெரியவர் "மனசு சரியில்லை" என்று வாய் திறந்து சொல்ல மாட்டார். உடம்பெல்லாம் வலி, பசியில்லை, மூணு மணிக்கே முழிப்பு என்பார். இரண்டு வாரம் அப்படியே போனால் டாக்டரிடம் காட்டுங்கள். டிவி சத்தம் கூடிக்கொண்டே போகிறதா என்றும் கவனியுங்கள். காது மந்தமானால் டீக்கடைப் பேச்சு பிடிபடாது, அப்புறம் கடைக்கே போக மாட்டார். முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் செவித்துணைக் கருவி.

போன் செய்தால் "மாத்திரை போட்டீங்களா" என்பதோடு முடிக்காதீர்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் நம்ம வாய்க்காலுக்கு வந்துவிட்டதா, குத்தகைக்காரர் என்ன ரகம் விதைக்கிறார் என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்ததைக் கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் பெரிய இழப்பு. கொல்லையில் ஒரு கீரைப்பாத்தி போட்டால் குந்தி எழுவதும் நடக்கும்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதிது புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள், பந்தியை மாடியிலோ கீழ்த்தளத்திலோ வைக்கிறார்கள், படியில் கைப்பிடி இல்லை. இரும்புக் குழாய் இரண்டு பதிக்க என்ன செலவாகிவிடும்? ஒருமுறை படியில் தடுமாறியவர் அடுத்த கல்யாணத்துக்கு வருவதில்லை. சொந்தபந்தம் அவரைப் பார்க்கிற கடைசி இடமும் அதோடு போகிறது.

நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால் அதை வயதின் மறதி என்று விடாதீர்கள். நீர்த்தாரைக் கிருமியோ உப்புச்சத்துக் குறைவோ இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. வாய் கோணினாலோ ஒரு பக்கம் கை தொங்கினாலோ பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த 30 விநாடிக் கணக்கை எடுத்துக் காலண்டரில் எழுதிவையுங்கள். நாலு வாரம் கழித்து அதே நாற்காலியில் மறுபடி எண்ணுங்கள்.