கன்னம் மரத்துப்போனால் அது வெறும் சைனஸ் இல்லை

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, நெடுநாளாகச் சர்க்கரை. போன மாதம் கொரோனா வந்து, ஆக்சிஜன் எதுவும் தேவைப்படாமல் வீட்டிலேயே சரியானது. ஆனால் இருமல் நிற்கவில்லை என்று 2021-ல் எழுதிக் கொடுத்த பழைய சீட்டைக் காட்டி, மெடிக்கலில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி இரண்டு வாரமாகச் சாப்பிடுகிறார். இப்போது வலது கன்னம் மரத்துப்போய் வலிக்கிறது, அந்தப் பக்க மூக்கும் அடைப்பு. "சைனஸ்தான், விடு" என்கிறார். கருப்புப் பூஞ்சையாக இருக்குமோ? குழந்தைக்கு ஒட்டுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, இதழ் வரும்வரை இது காத்திருக்கக் கூடாது என்பதால், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போகச் சொல்லி உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது, இதே நிலையில் வீட்டில் ஒருவரை வைத்திருக்கும் மற்றவர்களுக்காக.

சாதாரண சைனஸில் கன்னம் கனக்கும், வலிக்கும், பெரும்பாலும் மரத்துப்போகாது. சர்க்கரை உள்ளவருக்கு ஒரு பக்கம் மட்டும் மரத்தால் பூஞ்சை இல்லை என்று உறுதியாகும்வரை அதைப் பூஞ்சையாகவே பார்க்க வேண்டும். இமை சரிவது, இரண்டிரண்டாய்த் தெரிவது, பல் ஆடுவது, அண்ணத்தில் கருமை, இவையெல்லாம் அடுத்த கட்டம்.

2021 மே மாதம், தமிழக அரசு இதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்த சமயம், எங்கள் வார்டில் தினமும் இதைத்தான் பார்த்தோம். எண்டோஸ்கோப்பை விட்டால், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய மூக்குச் சதை சாம்பல் பூத்து, நடுவில் அடுப்புக்கரி மாதிரி கருத்திருக்கும். கருவியால் தொட்டால் நோயாளிக்கு வலிக்காது, ரத்தமும் கசியாது. பூஞ்சை ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைத்து, அந்தச் சதையைச் சாகடித்திருக்கும். செத்த சதையை வெட்டி எடுத்துவிட்டு, ஆம்போடெரிசின் மருந்தை வாரக்கணக்கில் டிரிப்பில் ஏற்ற வேண்டும். அது சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும், பொட்டாசியத்தை இறக்கும். அந்த மருந்துக்காக அப்போது உறவினர்கள் ஊர் ஊராய் அலைந்ததை மறக்க முடியாது.

குழந்தையைப் பற்றிப் பயப்படாதீர்கள். இது ஆளுக்கு ஆள் தொற்றாது. இதன் விதைத்தூள் மண்ணிலும் மக்கிய இலையிலும் பழைய ரொட்டியிலும் இருக்கிறது. நாம் எல்லாரும் தினமும் சுவாசிக்கிறோம். (வெங்காயத் தோலில் தெரியும் கருப்பு வேறு பூஞ்சை.) ஏறிய சர்க்கரையும், வெள்ளை அணுக்களை மழுங்கடிக்கும் ஸ்டீராய்டும் சேரும்போதுதான் அது உள்ளே வேர் பிடிக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை இன்னும் ஏற்றவும் செய்யும்.

இதில் எனக்கு ஆற்றாமை அதிகம். 2020-லேயே பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு தெளிவாகச் சொல்லிவிட்டது: தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாள், ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் உயிரைக் காத்தது, தேவைப்படாதவர்களுக்குப் பலன் தரவில்லை. உங்கள் அப்பாவுக்கு அந்த மாத்திரையே வேண்டியதில்லை. பழைய சீட்டுக்கு மருந்து கொடுப்பதை மருந்துக்கடைக்காரர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

ஆனாலும் இரண்டு வாரம் சாப்பிட்டதை அவரே சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். காலி அட்டையையும் சர்க்கரை அளவு எழுதிய நோட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லட்டும்.